பதினைந்து நிமிடம்

இரவு இரண்டே முக்காலுக்கு
ஐஸ் டப்பாவில் வந்து சேர்ந்தாள் ஹலீமாத்தோன்,
நான்கு மில்லியாக.
முப்பத்து நான்கு வாரம், இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு
என்கிறது சீட்டு.
முகம் என்னிடம் வருவதில்லை.
ஊசி உறிஞ்சிய பனிக்குடத் தண்ணீர்தான் வரும்.
வெளிறிய வைக்கோல் நிறம். ரத்தம் கலக்கவில்லை, நல்லது.

சாராயம் ஒரு பங்கு, இது ஒரு பங்கு.
ரப்பர் மூடியை அழுத்திப் பிடித்து
பதினைந்து எண்ணும்வரை குலுக்கி
தாங்கியில் நிறுத்திக்
கையை எடுத்துவிட வேண்டும்.
பிறகு தொடக்கூடாது. மேசையில் சாயக்கூடாது.
சுவர்க் கடிகாரத்துக்கு மட்டும் வேலை.

உள்ளே இருப்பவன்
தண்ணீரையே இழுத்துத் தண்ணீரையே விட்டு
மூச்சுக்கு ஒத்திகை பார்க்கிறான்.
நெஞ்சுக்குள் வழவழப்பு ஊறியிருந்தால்
கொஞ்சம் வெளியே கசியும்,
கசிந்தது குழாயில் குமிழாய் நிற்கும்.
ஊறாவிட்டால்
முதல் அழுகையிலேயே ஈரத்தாள்போல்
ஒட்டிக்கொள்ளும் நுரையீரல்.
நுரை ஈரல்.
பெயர் வைத்தவன் எந்தக் குழாயைக் குலுக்கினான்?

மூன்று பத்து.
கறுப்புத் தாளைப் பின்னால் பிடித்தேன்.
விளிம்பைச் சுற்றி முழு வட்டம், கசகசா அளவில், நெருக்கமாய்.
தொலைபேசியை எடுத்த கையோடு பார்க்கிறேன்,
பக்கத்துக் குழாயிலும் நுரை.
அதில் ஹலீமாத்தோன் இல்லை.
வெறும் உப்புநீரும் சாராயமும்.

சோப்பு.
புதிதாய் வந்த இட்ரிஸ்
பளபளவென்று கழுவி அடுக்கியிருக்கிறான், பாவம்,
ஓர் அலசல் குறைய.
கண்ணாடியில் காணாத ஒரு பூச்சு
இன்னும் பிறக்காதவனுக்குப்
பொய் மூச்சு போட்டுவிட்டது.

மிச்சம் இரண்டு மில்லி.
வேறு குழாய்களை ஏழு தடவை நானே அலசி
சூட்டில் உலர்த்துவதற்குள்
டாக்டர் கூ இருமுறை அழைத்துவிட்டார்.
"அவளுக்கு நேரம் இல்லை, தெரியுமா?"
தெரியும்.
குழாய்க்குத் தெரியாது.

நான்கு இருபத்தைந்து.
வட்டத்தில் பாதி நின்றது.
மீதி, பார்க்கப் பார்க்க,
ஒவ்வொன்றாய்க் கண் மூடியது.

அறிக்கையில் மூன்று கட்டங்கள்தான்:
முதிர்ந்தது, முதிரவில்லை, ஐயம்.
மூன்றாவதில் குறியிட்டேன்,
பின்பக்கம் தெரியும் அளவுக்கு அழுத்தி.
அந்தப் பக்கம் இருந்தது டாக்டர் கூவின் பெருமூச்சு,
பிறகு டொக்கென்று ஒரு சத்தம்.

காலையில் மெக்கலிஸ்டர் சாலைக் கடையில்
தே தாரேக் வந்தது, நுரை ததும்ப.
உதடு வைக்கவில்லை.
"என்னக்கா, ஆறிப்போவுது" என்றான் கடைக்காரன்.
"இரு" என்றேன்,
மணி பார்த்தபடி.