ஒரு விரல் உயரம்

அல்சூர் ஏரியைச் சுற்றிவர
இப்போது அவருக்கு ஐம்பது நிமிஷம்.
வலது முழங்காலில் கமாண்ட் ஆஸ்பத்திரி போட்ட டைட்டானியம்.
நடுவில் இரண்டு பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தாலும்
பிடித்துவிடுகிறேன்.

லெஃப்டினன்ட் கர்னல் அருமைநாயகம்,
மெட்ராஸ் சாப்பர்ஸ், ஓய்வு.
இருபது கிலோமீட்டர் வேகநடை.

கல்யாணமான புதிதில்
செயின்ட் ஜான்ஸ் சாலை விடியுமுன்
இடுப்பை வெட்டி வெட்டி நடப்பார்.
பால்காரர் என்னிடம் கன்னடத்தில் கேட்டார்:
ஓடிவிடலாமே, எதற்கம்மா இந்த அவஸ்தை?

ஓடக்கூடாது. அதுதான் போட்டி.
எந்த நொடியிலும்
ஒரு கால் தரையில் இருந்தாக வேண்டும்.

எல்லையிலும் அதே கால்கள்தான், வேகம்தான் வேறு.
சாய்த்துப் பிடித்த கம்பியால் மண்ணைக் குத்தி
ஓர் அடி வைக்க ஒன்பது நிமிஷம்.
பின்னால் முப்பது பேர்,
அவர் பூட்ஸ் பதிந்த இடத்திலேயே பதித்து.
பவுன்துரை மட்டும் அரைச் சாண் தள்ளி வைத்தான்.
அதற்கு மேல் எனக்குச் சொன்னதில்லை.
அவன் அம்மாவுக்கு மாதம் பிறந்தால் பணம் போகும்,
ரசீதுகள் என் பைபிளில், சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவே.

ஒலிம்பிக்ஸ் அன்று குவார்ட்டர்ஸ் முழுக்க எங்கள் டிவி முன்னால்.
கேமரா முதல் ஐந்து பேரை விட்டு நகரவேயில்லை.
பதினேழாவது கிலோமீட்டரில்
சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றியதை
ராத்திரி ட்ரங்க் காலில்தான் கேட்டேன்.
"கால் தூக்கிட்டேனாம்" என்றார்.
லைனில் அவர் மூச்சு மட்டும் கொஞ்ச நேரம்.
நிமிஷத்துக்கு எவ்வளவு ஆகுமோ என்று
நான்தான் வைத்தேன்.

பிரிகேடியர் தோளைத் தட்டிவிட்டு மழையைப் பற்றிப் பேசினார்.
பேப்பரில் ஒரு வரி, 'அருள்நாயகம்' என்று.

போன வாரம் பென்ஷன் புத்தகம் தேடும்போது
பீரோவில், பிளேசரின் உள்பையில்,
ஒரு போட்டோ கிடைத்தது.
யார் எடுத்தது, எப்படி வந்தது, கேட்கவில்லை.
இரண்டு பாதமும்
தரைக்கு ஒரு விரல் மேலே.
நிழல் தனியாகக் கீழே கிடக்கிறது.
அந்த முகம்
எங்கள் கல்யாண ஆல்பத்தில் இல்லை.
பையன் பிறந்தபோதும் இல்லை.
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

இன்று குருத்வாரா தாண்டியதும்
அவர் ஷூ லேஸ் அவிழ்ந்தது.
அவரால் குனிய முடியாது.
நான் மண்டியிடப் போனேன்.
"இரு" என்றார்.
கைத்தடி நுனியால்
என் முழங்கால் படப்போகிற புல்லை
இரண்டு முறை, சாய்வாக,
தட்டிப் பார்த்தார்.
"ம். இப்ப."