வீட்டில், வீட்டிலிருந்து

மருத்துவமனை ஏட்டில் இருக்கிறது:
"வீட்டில் விழுந்தார்."
அதைச் சொன்னவன் நான்.

ஜனவரி பதினேழு, குவீன்ஸ், ஓசோன் பார்க்.
மூன்று மாடி வீட்டின் கூரை.
தார்த்தாளின் மேல் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி.
ரொசெந்தோ பிச்சிசாக்கா முன்னால், நான் பின்னால்,
இடையில் ஒரு கட்டு ஓடு.
கட்டு இருந்தது. அவன் இல்லை.
சத்தம் பிறகுதான் வந்தது,
தாமதமான தபால்போல.

ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றான் மேஸ்திரி லுபோமிர்.
வேனில் ஏற்றினோம்,
இரண்டு தார் வாளிக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில்.
சிவப்பு விளக்கில் நின்றபோது திரும்பாமலே சொன்னான்:
"வீட்ல விழுந்தான்னு சொல்லு. செலவை நான் பாத்துக்கறேன்.
உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே."

வரும்.
அதற்குக் கூலி கிடைத்தது அன்றுதான்:
மூன்று நூறு டாலர் நோட்டு.

நர்ஸ் கேட்டது என்னிடம்.
வலி அவனிடம்.
ஸ்பானிஷே பாதிதான் தெரிந்தவன்
பல்லைக் கடித்தபடி கிச்வாவில் முனகினான்:
வாசிமந்தா, வாசிமந்தா.
வீட்டிலிருந்து, வீட்டிலிருந்து.
எங்கள் மொழியில் சங்கதியெல்லாம் சொல்லின் வாலில்.
நான் வாலை மாற்றி ஒட்டினேன்.
வாசிபி. வீட்டில்.
அவள் தட்டச்சு செய்தாள்.

இடுப்பு, இரண்டு முள்ளெலும்பு, இடது குதிகால்.
லுபோமிர் பார்த்துக்கொண்டது எட்டு நாள்.
ஒன்பதாம் நாள் அவன் எண் உபயோகத்தில் இல்லை.

பதினான்கு மாதம் கழித்து விசாரணை அறை.
ஜன்னல் இல்லை. கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடியது.
சுத்தியல் யாருடையது என்று கேட்டார்கள்.
"என்னுடையது" என்றான் ரொசெந்தோ,
கொஞ்சம் பெருமையாகவே.
கம்பெனி வக்கீல் அதைக் குறித்துக்கொண்டார்.
காலை ஏழுக்கு வரச் சொன்னது யார்?
சாப்பிட இறங்க யாரிடம் கேட்பாய்?
சம்பளச் சீட்டு உண்டா?
சீட்டு இல்லை.
ஓட்டுக்கட்டின் உறைத்தாளில் பென்சில் கோடுகள் உண்டு,
நாளுக்கு ஒன்று, மழைக்கு ஒரு வட்டம்.
திரான்சிதோ அதை இஸ்திரி போட்டு எடுத்து வந்திருந்தாள்.

"இவர் தொழிலாளியே இல்லை,
தனக்குத்தானே முதலாளி" என்றார் வக்கீல்.
தொலைபேசியில் அது கிச்வாவாகி வந்து சேர்ந்ததும்
ரொசெந்தோ ஊன்றுகோலைப் பிடித்துச் சற்று நிமிர்ந்தான்.
அவனை முதலாளி என்று முதலில் சொன்னவர் அவர்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.
காயம் வேலையினால் வந்ததா?
வேலையின்போது வந்ததா?
எனக்கு அவ்வளவு மட்டும் தெரிய வேண்டும், என்றார்.
அட, சட்டத்துக்கும் வாலில்தான் உயிர்.
விசா உண்டா என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை.
அந்தக் கேள்விக்குப் பயந்துதான்
ஓராண்டு மனுப் போடாமல் இருந்தோம்.

பிறகு ஏடு.
வக்கீல் நிதானமாக வாசித்தார்,
மீன்முள் எடுப்பவரைப்போல:
"வீட்டில் விழுந்தார்."

எலூதெரியோ தெனெசாக்கா, என்று கூப்பிட்டார்கள்.
புது மேஸ்திரியிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்தவன்
உண்மை மட்டுமே பேசுவதாகக் கையை உயர்த்தினேன்.
"அன்று சொன்னது பொய்யா, இன்று சொல்வதா?"

இங்கிலீஷில் பதில் நாக்கு நுனி வரை வந்தது.
விழுங்கினேன்.
அதற்கு ஒருமுறை கூலி வாங்கியாயிற்று.

கிச்வாவில் சொன்னேன்:
வீடு உண்மை. விழுந்தது உண்மை.
வாலை மட்டும் முந்நூறு டாலருக்கு விற்றேன்.

தொலைபேசியில் சிறிது நேரம் மூச்சு மட்டும்.
பிறகு அந்தப் பெண்குரல்,
கான்யார்ப் பக்கத்து இழுவையோடு கேட்டது:
"மன்னிக்கணும், வாலுன்னா சொன்னீங்க?"

ஆமாம் என்றேன். வால்.

அவள் அதை எப்படிச் சொன்னாளோ,
நீதிபதி எழுதிக்கொண்டார்.
ரொசெந்தோ என் பக்கம் திரும்பவில்லை.
குனிய முடியாத அவனுக்காக
திரான்சிதோ அவிழ்ந்த ஷூ லேஸைக்
கட்டிக்கொண்டிருந்தாள்.