இரண்டு தலை வயர்

வெயில் வளவுக்குள் இறங்கும் இடத்தில்தான்
ஒவ்வொரு தடவையும் திரை கருக்கிறது.

முகப்பு வரைக்கும் ஒழுங்காக வரைகிறது.
தூண், தூணின் நிழல், எல்லாம் சரி.
ஓட்டு விளிம்பைத் தாண்டிய ஒளி
தரையில் பட்டுச் சுவருக்கு எகிறி
அந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போகவேண்டிய நேரம்,
கார்டின் மூன்று விசிறிகளும் ஒன்றாக அலறும்.
படம் போய்விடும்.
பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்
பக்கத்து வீட்டில் ஓடுவது மாதிரி.

காரைக்குடி, செக்காலை ரோடு, மாடி அறை, வைகாசி.
கோயம்புத்தூரிலிருந்து
நேந்திரங்காய் சிப்ஸ் பெட்டிக்குள் வந்த கார்டு.
ஏலச்சீட்டில் ஏழாயிரம் தள்ளி எடுத்த பணம்.
‘ரெண்டு வருஷம் எவனோ காசு தோண்டியிருக்கான் இதுல,
மூச்சே போயிருக்கும்’ என்றான் ஜெராக்ஸ் கடை நிஜாமுதீன்.

ஞாயிறு பத்து மணிக்குக் கூட்டம்.
பதினேழு புள்ளி, ஒரு வீடு.
ஈப்போவிலிருந்து நாச்சியப்பன் கேட்டது சின்ன வேலை:
வளவின் குறுக்கே கிழமேற்காக ஒரு சுவர் வைத்தால்
எந்தப் பக்கம் எவ்வளவு வெயில் விழும்,
படமாகக் காட்டணும்.

வியாழன்: டிரைவரை வேரோடு பிடுங்கி மறுபடி நட்டேன்.
கருப்பு.
வெள்ளி: கார்டைக் கழற்றி
தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தேன்.
விசிறியிலிருந்து செம்மண் பொடி
ஒரு திருநீற்று மடல் அளவுக்கு வந்தது.
பழைய பசையைச் சுரண்டிப் புதுசு தடவினேன்.
கார்டு லேசாகத் தொங்குகிறதோ என்று
ஐஸ்குச்சி நான்கை ஒட்டி முட்டுக் கொடுத்தேன்.
மறுபடியும் வளவு.
மறுபடியும் கருப்பு.

வீட்டிலேயே கட்டிய கம்ப்யூட்டரில் ஒரு சங்கடம்:
திட்டுவதற்குக் கம்பெனி கிடையாது.
ஒவ்வொரு திருகிலும் என் விரல்.

சனி ராத்திரி நிஜாமுதீன் தன் பவர் சப்ளையைக்
கழற்றிக் கொடுத்தான்.
‘காலைல ஒம்பதுக்குக் கடை திறக்கணும், வேதா.’
மாட்டினேன்.
ஒளி தரையில் பட்டது, எகிறியது,
எதிர்ச்சுவருக்குப் போனது. திரும்பியும் வந்தது.
அப்போ கார்டு நல்ல கார்டு.
அப்போ இன்னொரு ஆறாயிரம்.
எங்கே போவேன் என்று அவனுடையதைக் கழற்றும்போதுதான்
கையில் தட்டுப்பட்டது:

அவனுடையதில் கார்டுக்கு இரண்டு வயர்.
என்னுடையதில் ஒரே வயர், நுனியில் இரண்டு தலை.
ஒரு தொண்டையில் இரண்டு வாய்க்கும் சோறு.
சும்மா இருக்கும்போது போதும்.
வெயிலைக் கணக்குப் போடச் சொன்னால் போதாது.

கண்ணாடிக் கதவு வழியே பார்க்க
வயர் குறைச்சலாக இருந்தால் அழகு என்று
நான்தான், போன ஆடியில், நான்தான்.
கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டி.
அதில் இரண்டாவது வயர், கட்டுக்கூடப் பிரிக்காமல்.

விடிகாலை நாலரை. ஈப்போவில் ஏழு மணி.
வைகாசிப் படம், மார்கழிப் படம், இரண்டும் அனுப்பியாயிற்று.
வைகாசியில் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும்,
சுவரின் நிழல் தெற்குப் பக்கம், அதுவும் ஒரு முழம்தான்.
மார்கழியில் வடக்குப் பக்கம்
பாதித் தரைக்கு மேல் நாள் முழுக்க இருட்டு.
கார்டு சொல்கிறது, நான் சொல்லவில்லை.

போன் வந்தது.
‘பிரமாதம். ஆனா அந்த மார்கழிப் படம்
கூட்டத்துக்கு வேண்டாம்னு நினைக்கிறேன்.’

‘உங்க பங்கு எந்தப் பக்கம்ணே?’ என்றேன்.

லைன் கட்டாகவில்லை.
அங்கே யாரோ பாத்திரம் கழுவினார்கள்.
இங்கே மூன்று விசிறிகளும் நிதானமாகச் சுற்றின.
அறுபத்தெட்டு டிகிரி.