ஏழு மாதச் சம்பளம்

ஏழு மாத பாக்கிக்கு ஈடாக
கம்பெனி எனக்குத் தந்தது
அறுபத்தொன்பதாம் வருடத்துப் போண்டியாக் ஒன்று.
ஓடாது.
முல்கியா கிடையாது.
நிறம், ஒரு காலத்தில் பச்சை.

"இதை உலையில போட்டு வடிக்கவா?"
என்று கேட்டாள் பெல்சியா.
பிறகு அஜ்மானில் எங்கள் பாதி வில்லாவின் ஷெட்டில்
அது நிற்க வேண்டுமே என்று
துணிக்கொடியை அவளே அவிழ்த்தாள்.

ஆகஸ்ட். பகலில் ஸ்பேனரைத் தொட முடியாது.
இஷா முடிந்து வந்தான் இத்ரீஸ்,
மறுபாதியில் குடியிருக்கும் சூடான்காரன்.
என் ஏழு மாதத்தையும் கணக்கில் எழுதியவன் அவன்தான்.
அவனுடைய ஒன்பது மாதத்துக்குக் கிடைத்தது
இரண்டு ஏசியும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும்.

பானெட்டுக்கு நாலு போல்ட்.
என்னிடம் இருந்ததெல்லாம் மில்லிமீட்டர்,
வண்டியோ அங்குலம்.
பன்னிரண்டு நுழையவில்லை.
பதிமூன்று நுழைந்து வழுக்கியது.
அரைமணி நேரத்தில் தோல் உரிந்தது எனக்குத்தான்.
மறுநாள் சனாயாவில் பட்டாணி ஒருவனிடம்
எஞ்சின் தூக்கும் கிரேனை வாடகைக்கு எடுத்தபோது
அரை அங்குல ஸ்பேனர் ஒன்றையும்
சும்மா கேட்டு வாங்கிவந்தான் இத்ரீஸ்.

ரேடியேட்டர் தண்ணீர் துருவாக இறங்கியது.
பூனை நக்க வந்தது; விரட்டினோம்.
இனிக்குமாம், கொல்லுமாம்.
கார்புரேட்டருக்கு அடியில்
எலி சேர்த்த பேரீச்சங்கொட்டை பதினொன்று.
கழற்றியதெல்லாம் ஃப்ரீசர் பைகளுக்குள் போனது.
பைகளின் மேல் பெல்சியாவின் எழுத்து:
இடது பக்கம், மேலே.
இடது பக்கம், கீழே.
எதுவென்று தெரியவில்லை.
எதுவென்று தெரியவில்லை, இரண்டு.
மீன் வைத்த பைகள். போல்ட்டெல்லாம் சாளை வாசம்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்.
நாற்பது டன் பெட்டிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தபடி
பதினாறு வருடம் தூக்கி இறக்கியிருக்கிறேன்.
ஒன்றையும் தொட்டதில்லை.
உள்ளே என்ன என்று ஒருவரும் சொன்னதில்லை.
இது முந்நூறு கிலோ.
கைப்பிடியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும்
சங்கிலி விறைப்பது
என் தோள்பட்டையில் தெரிந்தது.

கியர்பாக்ஸுக்கு ஜாக் கொடுத்தோம்.
மவுண்ட் போல்ட் இரண்டும் வந்தன.
எஞ்சின் ஒரு விரல் விலகி
நின்றுவிட்டது.
மேலும் அடித்தால் காரே கூட எழுந்தது.
"ஏதோ பிடிச்சிருக்கு" என்றான் இத்ரீஸ், அரபியில்.
எல்லாம் கழற்றியாயிற்று என்றேன் இந்தியில்.
எல்லாம் கழற்றியாயிற்று என்றேன்
இன்னொரு முறை, தமிழில், கொஞ்சம் சத்தமாக.

பெல்சியா டார்ச்சோடு கண்ணாடிப் பக்கம் போய்
உடம்பைப் பாதி உள்ளே மடித்துப் பார்த்தாள்.
எஞ்சினின் பின்மண்டைக்கும் தகரச் சுவருக்கும் நடுவே
சடை போலப் பின்னிய செப்பு வயர்,
ஒரு சாண் இருக்காது.
எர்த்.
அதன் போல்ட்டுக்கு அரை அங்குலமும் பெரிது.
மீன் செதிள் உரிக்கும் குறடைக் கொண்டுவந்து
அவளே திருகினாள்.

வந்தது.
எண்ணெய் சொட்டிக்கொண்டு, மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பி,
எங்கள் மூவர் முகத்துக்கு நேரே நின்றது.
நான் பார்த்தது காரை.
முன்சக்கரத்துக்கு மேல் நாலு விரல் இடம் புதிதாகத் தெரிந்தது.
இத்தனை வருடமும் குனிந்துதான் நின்றிருக்கிறது;
அதுதான் அதன் உயரம் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம்தான் தோன்றியது,
இதை எங்கே இறக்குவது என்று
ஒருவரும் யோசிக்கவில்லை.

கட்டன் சாயா வந்தது.
இத்ரீஸ் போனை எடுத்துக் கணக்குப் போட்டான்.
பதினெட்டாயிரத்து இருநூறு, வகுத்தல் முந்நூறு.
"கிலோ அறுபது திர்ஹாம், அறுபத்தேழு ஃபில்ஸ்."

நிமிர்ந்து எஞ்சினை ஒருமுறை பார்த்தாள் பெல்சியா,
மார்க்கெட்டில் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல.
"நெய்மீனே இந்த விலைக்கு வராது" என்றாள்.

பாங்கு சொன்னபோதும்
அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது.
கிரேன் வாடகை
அன்று சாயங்காலம் வரை.