பனிமூட்டக் கணக்கு

பகீரத் பேலஸில் நாலாவது கடை.
கல்லாவுக்குப் பின்னால், ஸ்வெட்டருக்குள் ஹர்சரண்.
தரையில் மூன்று பேட்டரிகள்.
தனவேல் நேராகக் கடைசியில் இருப்பதிடம் போகிறான்:
ஈ-ரிக்‌ஷாவில் ஓடிக் களைத்தது, மூவாயிரம்.
"தட்டிப் பாத்தேன், உள்ள உயிர் இருக்கு."
தேங்காயா அது, தட்டிப் பார்க்க?

எங்களுக்கு நரேலாவில் நாலாம் மாடி.
மீட்டர் பொங்கலுக்கு வரும் என்றார்கள்.
எந்தப் பொங்கல் என்று சொல்லவில்லை.
மொட்டை மாடியில் தகடு ஒன்று போட்டாயிற்று, இருநூறு வாட்.
வெயிலைப் பிடித்துவிடலாம்.
பிடித்ததை எதில் ஊற்றி வைப்பது?

கேஸ் பில்லின் முதுகில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்:
பல்பு இரண்டு, ஒன்பது ஒன்பது வாட், ஐந்து மணி நேரம். தொண்ணூறு.
போன் மூன்று. முப்பது.
கிரைண்டர் நூற்றைம்பது வாட், நாற்பது நிமிஷம். நூறு.
ஆக, நாளொன்றுக்கு இருநூற்றிருபது.
ஃபேனைச் சேர்க்கவில்லை, அது மே மாதத்துக் கவலை,
மே மாதத்தில் வெயிலுக்கா பஞ்சம்.
இந்தக் கணக்கு ஜனவரிக்கு.

மூன்று நாள், சில வருஷம் நாலு,
எதிர் பிளாக்கே காணாமல் போகும்.
சூரியன் ரேஷன் கடைக்காரன் மாதிரி வரும்,
வந்த கையோடு ஷட்டரை இறக்கும்.
நாலால் பெருக்கு: எண்ணூற்றெண்பது.
அது கையில் இருக்க வேண்டும்,
இல்லையென்றால் காலை ஆறு மணிக்கு
பாத்லி மெட்ரோ வாசலில்
வெறும் சட்னியோடு நிற்க வேண்டும்.

ஹர்சரண் பெரியதைத் தொட்டுக் காட்டினார்.
டியூபுலர், பதினான்காயிரம்.
"நூற்றைம்பது ஆம்பியர்னு போட்டிருக்கும், பஹன்ஜி,
எடுக்க வேண்டியது எழுபத்தைந்துதான்.
தினம் தினம் முழுசா உறிஞ்சினா சீக்கிரம் போயிடும்."
அப்போது தனவேல் என்னைப் பார்த்தான்.
ஏன் பார்த்தாய் என்று பஸ்ஸில் கேட்டுக்கொள்ளலாம்.

எழுபத்தைந்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் தொள்ளாயிரம்.
மயிரிழை.
எடை ஐம்பத்தைந்து கிலோ.
எங்கள் பிளாக்கில் லிஃப்டுக்குக் குழி மட்டும் இருக்கிறது.
அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டுமாம்,
சார்ஜ் ஏறும்போது காற்றாட வைக்க வேண்டுமாம்.
இருப்பது ஒரே அறை. பையன் படுக்கும் அறை.

மூன்றாவது, டிபன் கேரியர் உயரத்தில் ஒரு நீலப் பெட்டி.
லித்தியம், இரும்பு கலந்தது, நூறு ஆம்பியர்.
எண்பது வரை தைரியமாக எடுக்கலாம்.
பதின்மூன்று கிலோ, நான் தூக்கும் அரிசிப் பையைவிடக் குறைவு.
"தண்ணி உறையுற குளிர்ல மட்டும் சார்ஜ் ஏத்தாதீங்க."
மாவு பொங்கட்டும் என்று நான் பானை வைக்கும் மூலை
இதற்கும் ஆகும்.

இருபத்தாறாயிரம்.
சீட்டு எடுத்த பணம் முப்பது இருந்தது,
தனவேலின் ஸ்கூட்டருக்கென்று.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ரிக்‌ஷா பேட்டரியை இன்னொரு தரம் தட்டிவிட்டு வந்தான்.

மூட்டம் இந்த வருஷம் பதினோராம் தேதி இறங்கியது.
மூன்றாம் நாள் ராத்திரி, கிரைண்டர் சுற்றிக்கொண்டிருக்கையில்
கீழ் வீட்டு குல்ஷன் கதவைத் தட்டினாள்.
அவள் புருஷன் சூரத்தில் தறிப் பட்டறையில் இருக்கிறான்,
போன் செத்து இரண்டு நாள்.
கேஸ் பில்லின் முதுகில் குல்ஷன் இல்லை.
நின்றேன். கணக்குப் போட்டேன்,
போட்டதை அவள் பார்த்திருப்பாள்.
ஒரு போனுக்குப் பத்து.
பத்து என்றால் கிரைண்டருக்கு நாலு நிமிஷம்.

நாலு நிமிஷம் முன்னால் நிறுத்தினேன்.

அந்த மாவு பொங்க இரண்டு ராத்திரி ஆயிற்று.
பாத்லி வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை.
மஃப்ளர் சுற்றிய ஒருத்தர் மட்டும்
மென்றுகொண்டே, ரவா இட்லியா என்றார்.
ஆமாம் என்றேன்.