நடை வேகத்தில்

தாளின் தலையில் "மெதுவாக, நடை வேகத்தில்" என்று எழுதியிருந்தேன்.
முத்தையன்கட்டிலிருந்து பள்ளிக்கு வரும் காட்டுப் பாதை.
முதலில் கிளாரினெற்றுகள்,
பாலை மர நிழல்போல ஒன்றின்மேல் ஒன்று விழ.
மாங்குயிலுக்கு ஒற்றைப் புல்லாங்குழல்.
ஓரமாய், நகராமல், வீரை மரங்களாக மூன்று ட்ரோம்போன்.
இரண்டு இரவு
நுளம்புத்திரிப் புகைக்குள் இருந்து எழுதினேன்.
அந்தப் பாதையில் போனது ஒரேயொரு தடவை,
அதிபரின் மோட்டார் சைக்கிளில், கண்ணில் தூசியோடு.

ஒத்திகையில்
பதினேழாவது கோட்டைத் தாண்டியதும் ரியூபா ஓடத் தொடங்கியது.
நிறுத்தினேன்.
யசோபன் உதட்டைத் துடைத்தான்.
"ரீச்சர், அதால ஒருத்தரும் இப்பிடி ஆறுதலா நடக்கிறேல்ல.
நாலரைக்குப் பிறகு ஆனை இறங்கும்."
"காலமை எண்டால் நடக்கலாம்," என்றாள் மிதுர்ஷா,
"ஆனா கதைச்சுக் கதைச்சுத்தான்."
"பாலைப்பழம் விழேக்க நிக்கலாம்."
"நீ நிப்பாய்."
யாரோ பித்தளைக்குள் சிரித்தது
ஆனை பிளிறினதுபோலவே வந்தது.

பென்சிலை எடுத்து "மெதுவாக" என்பதை வெட்டினேன்.
மாங்குயிலை வெட்டவில்லை. அது எனக்கு வேண்டும்.

எங்கேதான் நிற்பீர்கள் என்று கேட்டேன்.
அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பதினொரு பேரும்
ஒரே இடத்தைச் சொன்னார்கள்:
சின்ன மதகுக்கு இந்தப் பக்கம்,
மணி அடிக்காமல், சைக்கிளை உருட்டாமல்,
ஒரு கால் நிலத்தில்.
எவ்வளவு நேரம்?
யசோபன் கண்ணை மூடினான்.
விரல் ரியூபாவின் வயிற்றில் நாலு தட்டியது,
பிறகு இன்னும் நாலு.
"கொப்பு முறியிற சத்தம் கேக்காட்டிப் போவம்."

எட்டு அடி மௌனம், இருபத்தாறு பேருக்கும்.
எழுத இரண்டு சின்னக் கறுப்புக் கட்டை போதும்,
கோட்டில் தலைகீழாய்த் தொங்கும் வௌவால் அளவு.
பிடித்து வைத்திருக்கத்தான் மூன்று கிழமை ஆனது.
எப்போதும் ஐந்தாம் அடியில்
றம் அடிக்கிற பெடியனுக்குக் கை துடித்துவிடும்.

பரிசளிப்பு விழாவில்
அந்த இடம் வந்தபோது
முடிந்ததென்று நினைத்துக் கைதட்டினார் பிரதம விருந்தினர்.
முன்வரிசையும் தட்டியது.

பின்னால், தகரக் கொட்டகையின் வெயில் ஓரத்தில்,
முத்தையன்கட்டுத் தாய்மார் தட்டவில்லை.
ஒருத்தி மடியிலிருந்த குழந்தையின் வாயைப் பொத்தினாள்.
கழுத்துகள் ஒரே பக்கம் சாய்ந்தன.

ஆறு. ஏழு.

ஒன்றும் முறியவில்லை.
ரியூபா காலை எடுத்து மிதித்தது.