திருத்தம்

அறுபத்து மூன்று பெட்டி.
புர்க்டோர்ஃப் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம்
அச்சு இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போன கட்டடத்தின்
நிலவறையில் எனக்கொரு கதிரை, ஒரு ஸ்கேனர்,
வெள்ளைப் பருத்திக் கையுறை.
மணிக்கு இருபத்தெட்டு ஃபிராங்.
பக்கத்தை விரி, வெளிச்சம் காட்டு, மூடு.

‘எம்மெத் தூதன்.’
கிழமைக்கு இரண்டு தரம் வந்தது, பிறகு நாள்தோறும்,
பிறகு சூரிச்சில் யாரோ வாங்கினார்கள்:
பெயரை, சந்தாக்காரரை, ஆற்றோரக் காணியை.
பூனையை வாங்கவில்லை.
அது தலையங்கங்களின் மேல் படுத்திருக்கிறது.

முதல் எஷ்லிமான், கொத்லீப்,
மாட்டு வியாபாரத்தில் நொடித்துப்போய்
கடனுக்கு ஒரு கையச்சு எடுத்தவர்.
அவருடைய முதல் இதழில்
மாட்டு விலை மட்டும் பிழையில்லாமல் இருக்கிறது.

மகன் யாக்கோப் நாற்பது வயதில் இறந்தார்.
முகப்பில் அவர் பெயர்
இன்னும் பத்தொன்பது வருடம் உயிரோடிருந்தது.
எழுதியது, கடன்காரரை வாசலில் நிறுத்தியது,
வேலைநிறுத்தத்தன்று இரவிரவாகத் தானே எழுத்துக் கோத்தது
ரோசாலி.
அவள் பெயர் ஒரேயொரு தரம் அச்சில் வந்தது,
மரண அறிவித்தலின் கறுப்புக் கரைக்குள்.
அதிலும் ஓரெழுத்துப் பிழை.
மறுநாள், கடைசிப் பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்:
திருத்தம்.

அன்றிலிருந்து அதைத்தான் தேடி வாசிக்கிறேன்.
‘ஹாஸ்லேயில் எரிந்தது கொல்லன் பட்டறை அல்ல,
பக்கத்துப் பன்றித் தொழுவம்.’
‘திரு. வுத்ரிச் இறக்கவில்லை. வருந்துகிறோம்.’
போர்க்காலத் தொகுதிகளில் வானிலை அறிக்கையே இல்லை.
தணிக்கையாம்.
ஆறு வருடம் எமென்டாலில்
மழையுமில்லை, வெயிலுமில்லை.
அதற்குத் திருத்தம் வரவில்லை.

நாற்பத்தொன்றாம் பெட்டி. எண்பத்தைந்து, மாசி.
மூன்றாம் பக்கத்தில் நான்.

அணுகுண்டுக்கென்று கட்டிய நிலவறையின் வாசலில்
நாலு பேர், நாலு இரவல் கோட்டு.
என்னுடையது ஒரு பெண்ணின் கோட்டு;
பொத்தான்கள் இடப்பக்கம் இருந்தது
அப்போது எனக்குத் தெரியாது.
படத்தின் கீழே:
‘தமிழர்கள் முதல்முறையாகப் பனியைப் பார்க்கிறார்கள்.’

இல்லை ஐயா.
படம் பிடித்தவர் காரை ஓடவிட்டு இறங்கியிருந்தார்.
உள்ளே சூடு.
நாங்கள் அதைத்தான் பார்த்தோம்.

வியாழக்கிழமை ரெகுலா எஷ்லிமான் வந்தார்.
கடைசி ஆள். விற்றது அவர்தான்.
கையில் பூனைக்கூடை.
திரையைக் காட்டினேன்.
அதே இதழில் அவருடைய அப்பாவின் தலையங்கம்:
‘இவர்கள் எப்போது திரும்புவார்கள்?’
நின்றபடி முழுவதும் வாசித்தார்.
‘இதற்குத் திருத்தம் போட்டோமா?’
இருவருமாகத் தேடினோம்.
அடுத்த நாள் ஒன்று இருந்தது:
சப்பாத்துக் கடை விளம்பரத்தில் விலை பிழை.

அவர் எதுவும் சொல்லவில்லை.
கூடையை எடுத்துக்கொண்டு போனார்,
பூனையை விட்டுவிட்டு.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டம் உண்டு,
படத்தில் இருப்போர் என்று.
நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது.
இத்தனை நாளும் ‘தெரியாது’ என்று தட்டிவிட்டே வந்தேன்,
தீயணைப்புப் படையினருக்கு, யோடல் கோஷ்டிக்கு,
பரிசு வாங்கிய பசுவுக்கும்கூட.
அன்றைக்குக் கையுறையைக் கழற்றினேன்.
இடமிருந்து வலம்:
மரியநாயகம். குலவீரசிங்கம். நான்.

நாலாவது ஆள்.
மேல்வாயில் ஒரு தங்கப் பல்.
கரவெட்டி என்று சொன்னதாக ஞாபகம்.
பதினொரு மாதம் எனக்கு மேல்கட்டிலில் படுத்தவன்.
என் காய்ச்சலுக்குத் தன் போர்வையைத் தந்தவன்.
பெயர் வரவில்லை.
பூனை எழுந்து, சுற்றி, வேறொரு வருடத்தின் மேல் படுத்தது.
பெயர் வரவில்லை.

கட்டம் காத்திருந்தது.
தட்டினேன்:
தெரியாது. வருந்துகிறோம்.